மாணவ விமானிகள் லாண்டிங்கில் சறுக்கும் இடங்கள்: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து விமானம் ஓட்டப் படிக்கப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் கொழும்புக்கு அருகே உள்ள இரத்மலானைக்குப் போகிறார்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகிறார்கள். எங்கே படித்தாலும் தரையிறக்கத்தில் அவர்கள் தடுமாறும் இடங்கள் ஒன்றுதான். பயிற்றுநர் அமரும் வலப்பக்க இருக்கையிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கரம் தரையில் மோதும்போதுதான் லாண்டிங் கெட்டதாக மாணவர் நினைக்கிறார். அநேகமாக அது ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், வேகம் கூடியபோதே கெட்டுவிட்டது. ஆகவே இதில் பாதிக்கு மேல், சக்கரம் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இருக்கும்.

எண் சொல்லும் இடங்களில் செஸ்னா 152, செஸ்னா 172எஸ் இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். உங்கள் விமானம் வேறென்றால் அதன் கையேட்டில் உள்ள எண்தான் சரி. உங்கள் பயிற்றுநர் சொல்வதும் இதுவும் முரண்பட்டால், பறக்கும்போது அவர் சொன்னதைச் செய்யுங்கள். இறங்கிய பிறகு காரணம் கேளுங்கள்.

1. ஏறுவதற்கு முன்: இருக்கை, வேகம், காற்று

முதலில் இருக்கை. செஸ்னாவின் இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரக்கூடியது. பூட்டு சரியாக விழுந்ததா என்று உடம்பை ஆட்டிப் பாருங்கள். ஓடிக் கிளம்பும்போதோ கோ-அரவுண்டிலோ (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) இருக்கை பின்னால் சறுக்கினால், பிடித்திருக்கும் யோக்கும் (விமானத்தை இயக்கும் கைப்பிடி) கையோடு பின்னால் வரும். மூக்கு மேலே எழும்பிவிடும்.

இருக்கையின் உயரமும் ஒவ்வொரு நாளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கண்ணின் உயரம் சற்று மாறினாலே ஃபிளேரில் (தரை தொடும்முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தை நிறுத்தும்போது) ஓடுபாதை வேறு மாதிரித் தெரியும். நேற்று வந்த லாண்டிங் இன்று வரவில்லை என்று குழம்பும் பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் காரணம். உயரம் குறைந்தவர்கள் குஷன் ஒன்றைச் சொந்தமாக வைத்திருங்கள். அதில் இருந்துகொண்டு இரண்டு ரடர் பெடலையும் (மூக்கை இடம் வலம் திருப்பும் கால்மிதி) அடிவரை மிதிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது வேகம். முழு ஃபிளாப்புடன் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) இறங்க 152க்கு 55 முதல் 65 நொட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), 172எஸ்ஸுக்கு 60 முதல் 70 நொட் என்று கையேடு சொல்கிறது. இந்த இடைவெளியிலிருந்து ஒரே ஓர் எண்ணைப் பயிற்றுநரோடு பேசித் தெரிவு செய்து, வாயால் சொல்லிப் பாருங்கள். "அறுபது, எழுபதுக்குள்" என்று பொதுவாக மனதில் வைத்திருப்பவர் எழுபத்தைந்தில்தான் வருவார். காற்று வீச்சு வீச்சாக அடித்தால் அந்த வீச்சில் பாதியைக் கூட்டுங்கள். 12 நொட், இடையிடையே 20 என்றால் வித்தியாசம் 8, கூட்ட வேண்டியது 4. அதற்கு மேல் வேண்டாம்.

பிறகு காற்று. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியின் ஓடுபாதை 05/23, அதாவது வடகிழக்கும் தென்மேற்கும் பார்த்துக் கிடக்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையான சோளகமும், மார்கழி தையில் அடிக்கும் வாடையும் ஏறக்குறைய ஓடுபாதை நீளத்துக்கே வரும். சிக்கல் இடைப்பட்ட மாதங்களில்தான். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறியதும் வடக்குக் கடலிலிருந்து எழும் கடற்காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே வரும்.

குறுக்குக்காற்றை மனக்கணக்காகவே போடலாம். காற்றின் திசைக்கும் ஓடுபாதைத் திசைக்கும் 30 பாகை வித்தியாசம் என்றால் காற்றில் பாதி குறுக்கே வருகிறது. 45 என்றால் பத்தில் ஏழு, 60 என்றால் பத்தில் ஒன்பது. ஓடுபாதை 05இல் (50 பாகைத் திசை) இறங்குகிறீர்கள், டவர் 020 பாகையிலிருந்து 14 நொட் என்கிறது: வித்தியாசம் 30, குறுக்குக்காற்று 7. அதே 14 நொட் 350 பாகையிலிருந்து வந்தால் வித்தியாசம் 60, குறுக்குக்காற்று ஏறக்குறைய 12. செஸ்னா 152இல் செய்துகாட்டப்பட்ட உச்சம் 12 நொட், 172எஸ்ஸில் 15. செய்துகாட்டியவர் தேர்ந்த சோதனை விமானி. தனியே பறக்கும் மாணவருக்கு அதில் பாதியே போதும் என்பது என் கருத்து. அந்த எல்லையை எஞ்சின் தொடங்குமுன் தாளில் எழுதுங்கள். மேலே போன பிறகு எழுதினால் அது தளர்ந்துவிடும்.

இரத்மலானையிலிருந்து பலாலிக்கு நீண்ட வழிப்பறப்பாக வருபவர்களுக்கு இன்னொன்று. தூரம் ஏறக்குறைய 180 கடல் மைல், 152இல் இரண்டு மணிநேரம் அளவில் பிடிக்கும். விமானப்படையும் பயன்படுத்தும் நிலையம் என்பதால் அனுமதி, நேரம் எல்லாவற்றையும் பள்ளி மூலம் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். களைத்த உடம்போடு, பழகாத ஓடுபாதையில், மதிய வெயிலில் முதல் லாண்டிங் செய்வதைத் தவிர்க்க ஒரே வழி விடிய வெள்ளனக் கிளம்புவதுதான். தண்ணீர் கொண்டுபோங்கள்.

2. கோ-அரவுண்டை லாண்டிங்குக்கு முன் படியுங்கள்

லாண்டிங் ஓரளவு கைவந்த பிறகே பலர் கோ-அரவுண்ட் படிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ். இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே போகத் தெரியாதவருக்கு ஒவ்வொரு மோசமான அணுகலையும் தரையில் முடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த நிலையில் அவர் யோக்கோடு சண்டை போடத் தொடங்குவார். விமானம் உடைவது அங்கேதான்.

முதலில் 3000 அடியில் பழகுங்கள். அந்த உயரத்தைத் தரை என்று வைத்துக்கொண்டு, முழு ஃபிளாப்புடன் இறங்கிவந்து, அங்கிருந்து ஏறுங்கள். வரிசை இதுதான்:

த்ரொட்டில் (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுவதும் உள்ளே. 152இல் கார்ப் ஹீட்டையும் (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் பிடி) அதே அசைவில் உள்ளே தள்ளுங்கள். அது வெளியே இருந்தால் எஞ்சின் தன் முழு வலுவைத் தராது.

அதே நேரத்தில் மூக்கை முன்னால் அழுத்திப் பிடியுங்கள். இறங்குவதற்காகப் போட்ட ட்ரிம் (யோக்கில் கைக்கு வரும் பாரத்தைக் குறைக்கும் ஒழுங்கு), முழு பவர் வந்ததும் மூக்கை வேகமாக மேலே தூக்கும். விட்டால் வேகம் விழுந்து ஸ்டோலுக்குப் (இறக்கை தூக்கும் வலுவை இழக்கும் நிலை) போகும். கையில் எவ்வளவு பாரம் வரும் என்பது சொல்லிப் புரிவதில்லை, அதனால்தான் உயரத்தில் பழகச் சொல்கிறேன். வலது ரடரும் கூடவே வேண்டும், மூக்கு இடப்பக்கம் இழுக்கும்.

ஃபிளாப்பை உடனே 20க்கு எடுங்கள். அந்தக் கடைசி 10 பாகை இழுவையைத்தான் கூட்டுகிறது, தூக்குவது குறைவு. 152இல் 55 நொட், 172எஸ்ஸில் 60 நொட் பிடித்து, விமானம் ஏறுவது உறுதியான பிறகே மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரே இழுப்பில் எல்லா ஃபிளாப்பையும் எடுப்பதுதான் மாணவர் அதிகம் செய்யும் பிழை. விமானம் அப்படியே கீழே அமிழும்.

ரேடியோ கடைசி. டவருக்கு அரை நிமிடம் கழித்துச் சொன்னாலும் குடி முழுகாது.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். 33 பாகை வெயிலில், கடல் மட்டத்தில் இருந்தாலும், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 2000 அடி உயரத்தில் இருப்பதுபோல் குறைந்திருக்கும். இரண்டு பேர் ஏறிய 152 முழு ஃபிளாப்புடன் ஏற மறுக்கும். ஆகவே கோ-அரவுண்ட் முடிவை எவ்வளவு உயரத்தில் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

3. டவுன்விண்ட்: இங்கேயே அவசரத்தை முடித்துவிடுங்கள்

உயரம் சரி, வேகம் சரி, ட்ரிம் சரி. டவுன்விண்டில், அதாவது ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டத்தில், கையை யோக்கிலிருந்து எடுத்தாலும் விமானம் அப்படியே போக வேண்டும். இங்கே 50 அடி கூடக் குறைய அலையும் மாணவர் ஃபைனல்வரை அலைவார்.

பவர் குறைக்கும் முன் கார்ப் ஹீட் போடுங்கள். வெயில் கொளுத்தும் ஊரில் என்ன ஐஸ் என்று கேட்காதீர்கள். கடலோர ஈரக்காற்றில், பவர் குறைத்து இறங்கும்போது, வெளியே 30 பாகை இருந்தாலும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கலாம். 172எஸ்ஸில் கார்புரேட்டர் இல்லை, எரிபொருள் பீய்ச்சித்தான் எஞ்சின் ஓடுகிறது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

4. பேஸிலிருந்து ஃபைனல்: இந்தத் திருப்பத்தில்தான் உயிர் போகிறது

மற்றப் பிழைகள் சக்கரத்தையும் புரொப்பெல்லரையும் உடைக்கும். இந்தப் பிழை ஆளைக் கொல்லும். ஆகவே இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

பேஸில், அதாவது ஃபைனலுக்குத் திரும்புமுன் ஓடுபாதைக்குக் குறுக்காகப் பறக்கும் கட்டத்தில், பின்காற்று இருந்தால் தரைமேல் விமானம் வேகமாக ஓடும், ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடும். வடக்குக் கடற்காற்று அடிக்கும் நாளில் பலாலியில் 05க்கு இடச்சுற்றில் வந்தால் பேஸில் அதுவே பின்காற்றாகும். தாண்டியதைக் கண்ட மாணவர் சாய்வைக் கூட்டுகிறார். சாய்வு பயமாக இருக்கிறது, உடனே எய்லரனை (இறக்கையைச் சாய்க்கும் தகடு) நிறுத்திக்கொண்டு ரடரால் மூக்கைத் திருப்பப் பார்க்கிறார். மூக்கு கீழே போகிறது, யோக்கை இழுக்கிறார். ஸ்பின்னுக்கு (விமானம் சுழன்றுகொண்டே விழுவது) வேண்டிய எல்லாம் அங்கே வந்துவிட்டது. 500 அடியில் ஸ்பின்னிலிருந்து மீள உயரம் போதாது.

உயரத்தை விடாமல் பிடித்துத் திரும்பும்போது, 30 பாகை சாய்வில் ஸ்டோல் வேகம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். 45இல் 19 சதவீதம், 60இல் 41 சதவீதம். சேர்க்கிட்டில் (ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் சுற்று) 30 பாகையைத் தாண்டாதீர்கள். அந்தச் சாய்வில் கோட்டைப் பிடிக்க முடியவில்லையா? தாண்டிப் போகட்டும். பொறுமையாகத் திரும்பி வந்து சேருங்கள், அல்லது கோ-அரவுண்ட் செய்யுங்கள். அடுத்த சுற்றில் பேஸுக்குச் சற்று முந்தித் திரும்பினால் சரியாகிவிடும்.

5. ஃபைனல்: ஒரு வேகம், ஒரு புள்ளி

ஓடுபாதையில் ஒரு புள்ளியைத் தெரிவு செய்யுங்கள், எண் எழுதியிருக்கும் இடத்தைப் போல. அது கண்ணாடியில் அசையாமல் நின்றால் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கண்ணாடியில் மேலே ஏறினால் எட்டாமல் விழுவீர்கள், பவர் வேண்டும். கீழே நழுவினால் தாண்டிப் போவீர்கள், பவரைக் குறையுங்கள். பவரை மாற்றும் ஒவ்வொரு முறையும் வேகத்தைப் பார்த்து மூக்கைச் சரிசெய்து ட்ரிம் போடுங்கள். பார்வை புள்ளி, வேகம், நடுக்கோடு என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாணவர் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டியே வருகிறார். மெதுவாக வந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம் அதற்குக் காரணம். பயம் நியாயமானதுதான், ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 172எஸ் முழு ஃபிளாப்பில் 40 நொட் அளவில்தான் ஸ்டோல் ஆகிறது. 65 நொட்டில் நேராக வருபவருக்கு வேண்டிய இடைவெளி இருக்கிறது. மறுபக்கம், தரையில் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது: வேகம் 10 சதவீதம் கூடினால் தூரம் 21 சதவீதம் கூடும். அந்த அதிகப்படி வேகம் கரையும்வரை விமானம் தரைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்கிறதே என்ற பதற்றத்தில் மாணவர் யோக்கைத் தள்ளி இறக்கப் பார்ப்பார். 7ஆம் பகுதியில் வரும் துள்ளலின் தாய் இதுதான்.

23க்கு வரும்போது ஃபைனலின் தொடக்கம் கடலுக்கு மேலே. தண்ணீருக்கு மேல் கண்ணுக்கு அளவு கிடைப்பதில்லை. உள்ளதைவிட உயரத்தில் இருப்பதாகத் தோன்றும், தெரியாமலே தாழ்ந்துவிடுவீர்கள். ஆகவே கரை தாண்டும்வரை உயரமானியை நம்புங்கள். பாப்பி விளக்கு (இறங்கும் கோணத்தைக் காட்டும் விளக்கு வரிசை) எரியும் ஓடுபாதை என்றால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும். கரையைக் கடந்ததும் சூடேறிய நிலம் விமானத்தைத் தூக்கும். அதற்காகப் பவரை முழுவதும் இழுத்துவிடாதீர்கள், தூக்கியது சற்றுத் தள்ளி அமிழ்த்தும்.

ஓடுபாதையின் அகலமும் கண்ணை ஏமாற்றும். பழகியதைவிட ஒடுங்கிய பாதையில் உயரமாக இருப்பதுபோல் தோன்றி ஃபிளேர் பிந்தும். அகலமான பாதையில் தாழ்வாக இருப்பதுபோல் தோன்றி முந்திவிடும். புதிய நிலையத்துக்குப் போகும்முன் இரண்டின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மார்கழியும் தையும் பட்டக் காலம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பெரிய போட்டியே நடக்கும், குடாநாடு முழுவதும் பிள்ளைகள் வாடைக்காற்றில் பட்டம் ஏற்றுவார்கள். தாழ்வாக, நீண்ட தூரம் இழுபட்டுக்கொண்டு வராதீர்கள். எங்கேயாவது பட்டம் கண்டால் டவருக்குச் சொல்லுங்கள், பின்னால் வருபவருக்கு உதவும்.

கடைசியாக, 300 அடியில் ஒரு வாசல். அந்த இடத்தில் நான்கு கேள்வி: தெரிவு செய்த வேகத்திலிருந்து 5 நொட்டுக்குள் இருக்கிறேனா, நடுக்கோட்டில் இருக்கிறேனா, ஃபிளாப் போட்டாயிற்றா, பெரிய திருத்தம் எதுவும் தேவைப்படாமல் வருகிறேனா. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் மேலே போங்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பது இங்கே கூடாது.

6. ஃபிளேர்: கண் எங்கே இருக்கிறது?

ஃபிளேர் கெடுவது பெரும்பாலும் கையால் இல்லை, கண்ணால். மூக்குக்கு நேரே கீழே உள்ள தாரைப் பார்ப்பவருக்கு அது வேகமாக ஓடி மங்கும். தரை பாய்ந்து வருவதுபோல் தோன்றி யோக்கைச் சட்டென்று இழுப்பார். சைக்கிள் பழகும் பிள்ளை முன்சில்லைப் பார்த்து ஓட்டினால் ஆடுவது போலத்தான் இதுவும். ஓடுபாதை முனையைத் தாண்டியதும் பார்வையை மறுமுனைக்குத் தூக்குங்கள். அப்போது ஓரக்கண்ணில் ஓடுபாதையின் இரு பக்கமும் மேலே எழுவது தெரியும். உயரத்தைச் சொல்லித் தருவது அதுதான்.

ஏறக்குறைய 15, 20 அடியில் இறக்கத்தை நிறுத்தத் தொடங்குங்கள். பவரை மெல்ல மெல்ல முழுவதும் எடுங்கள். இங்கே விமானம் தரையோடு ஒட்டி மிதக்கும். இறக்கையின் நீளம் அளவு உயரத்துக்குக் கீழே இழுவை குறைவதால் அப்படி. 172இன் இறக்கை முனைக்கு முனை 11 மீட்டர் என்பதை நினைவில் வைத்தால் எங்கிருந்து மிதப்பு தொடங்கும் என்று புரியும்.

இப்போது வேலை ஒன்றே: அதைத் தரையில் இறங்க விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அமிழும்போதெல்லாம் யோக்கைக் கொஞ்சம் கூட இழுங்கள். வேகம் குறையக் குறைய இழுப்பு கூடிக்கொண்டே போகும். இனி இழுக்க இடமில்லை என்ற அளவில், மூக்கு உயர்ந்த நிலையில், பின்னால் உள்ள இரண்டு சக்கரமும் முதலில் தொடும். முன்சக்கரம் முதலில் தொடவே கூடாது. அதன் தண்டு அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதில்லை.

கூட இழுத்து விமானம் மேலே எழும்பிவிட்டால்? ஓரிரண்டு அடி என்றால் இழுத்த இழுப்பை அப்படியே நிறுத்திப் பிடியுங்கள், அது தானே அமிழும், பிறகு மறுபடி இழுங்கள். அதற்கு மேல் எழும்பினால், வேகமும் குறைந்துகொண்டிருந்தால், பவரைக் கொடுத்து மேலே போங்கள். எந்த நிலையிலும் யோக்கை முன்னால் தள்ளி இறக்காதீர்கள்.

7. துள்ளினால்: முதல் துள்ளலிலேயே முடிவு

வேகத்தோடு, தட்டையாக, சக்கரத்தைத் தரையில் வைத்தால் விமானம் துள்ளும். மூக்கு மேலே போகும். கை தானாக யோக்கைத் தள்ளும். மூக்கு கீழே விழுந்து முன்சக்கரம் மோதும், இன்னும் உயரமாகத் துள்ளும். மாணவரின் கை எப்போதும் விமானத்துக்கு அரை நொடி பிந்தியே வருவதால் அவர் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அடுத்த துள்ளலைப் பெரிதாக்கும். மூன்றாவது மோதலுக்குள் முன்சக்கரத் தண்டு மடங்கவோ புரொப்பெல்லர் தாரில் அடிபடவோ வாய்ப்பு அதிகம்.

பருத்தித்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர், பாடம் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஒரு நாள் எழுபத்தைந்துக்கு மேல் வேகத்தோடு வந்து தட்டையாக வைத்தார். மூக்கு எழும்பியதும் அவர் இடக்கை யோக்கைப் பிடித்து உள்ளே தள்ளியதைப் பார்த்தேன், விரல் மூட்டு வெளுத்துப் போயிருந்தது. வலக்கையோ த்ரொட்டிலை விட்டுவிட்டு முழங்காலில் இருந்தது. "தள்ளாதேயும் தம்பி, பிடிச்சுக்கொண்டு பவரைக் குடும்" என்றேன். கேட்கும் நிலையில் அவர் இல்லை. "என்ரை கொன்ட்ரோல்" என்று வாங்கி மேலே கொண்டுபோனேன். டவுன்விண்டில் ஏன் தள்ளினீர் என்று கேட்டதற்கு, "மூக்கு மேல போகுது சேர், கீழ கொண்டுவர வேணுமெண்டு கை தானாப் போட்டுது" என்றார். அவர் சொன்னது உண்மை. கை தானாகத்தான் போகும். அதை வெல்ல, துள்ளலுக்கு முன்பே இன்னொரு அசைவைக் கைக்குப் பழக்கி வைக்க வேண்டும்.

அந்த அசைவு இதுதான்: யோக் இருந்த இடத்திலேயே நிற்க, வலக்கை த்ரொட்டிலை முன்னால் தள்ளுகிறது. சின்னத் துள்ளல், மூக்கு சரியான நிலையில் இருக்கிறது, ஓடுபாதையும் மீதி இருக்கிறது என்றால் கொஞ்சப் பவரோடு மறுபடி ஃபிளேர் செய்து இறங்கலாம். அது கைதேர்ந்த பிறகு. தனியே பறக்கும் மாணவருக்கு நான் சொல்வது ஒரே விதி: துள்ளினால் முழு பவர், கோ-அரவுண்ட். சின்னதா பெரிதா என்று அந்த நொடியில் அளக்க வேண்டாம்.

வீட்டில் கதிரையில் இருந்து பழகலாம். இடக்கை யோக், வலக்கை த்ரொட்டில் என்று வைத்து, யாராவது "துள்ளல்" என்று சொன்னதும் வலக்கை மட்டும் அசைய வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் பலருக்கு இது வேலை செய்ததைக் கண்டிருக்கிறேன். ஃபைனல் தொடங்கியதிலிருந்து வண்டி நிற்கும்வரை வலக்கை த்ரொட்டிலை விடாதிருப்பதையும் இதோடு சேர்த்துப் பழகுங்கள்.

8. குறுக்குக்காற்று: மூக்கு பாதைக்கு, இறக்கை காற்றுக்கு

ஃபைனலில் மூக்கைக் காற்றுப் பக்கம் சற்றுத் திருப்பி வைத்தே வாருங்கள், விமானம் நடுக்கோட்டில் வரும். ஆனால் அப்படியே இறங்கினால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும், டயர் தேயும், விமானம் ஓடுபாதையை விட்டு ஓடப் பார்க்கும். ஆகவே தரை தொடும்முன் நேராக்க வேண்டும்.

காற்று இடப்பக்கம் என்றால் வலது ரடரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்குங்கள், இடப்பக்க எய்லரனால் இறக்கையைக் காற்றுக்குச் சாய்த்து நகர்வை நிறுத்துங்கள். ரடருக்கு மூக்கின் திசை, எய்லரனுக்கு நடுக்கோடு. இரண்டின் வேலையையும் மனதில் பிரித்து வைத்தால் குழப்பம் பாதியாகும். பழகும் காலத்தில் இதைக் கடைசி நொடிக்கு விடாமல் 200, 300 அடியிலேயே தொடங்குங்கள், நேரம் இருக்கும். அந்த உயரத்தில் ரடரை முழுவதும் மிதித்தும் மூக்கு நேராகவில்லை என்றால், காற்று விமானத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. இறங்க முயலாதீர்கள்.

காற்றுப் பக்கச் சக்கரம் முதலில் தொடும், பிறகு மற்றது. அது பிழை இல்லை, அப்படித்தான் தொட வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, சக்கரம் தொட்டதும் எய்லரனை நடுவுக்குக் கொண்டுவருவது. தரை தொட்டால் பறப்பு முடிந்தது என்று கை நினைக்கிறது. உண்மையில் வேகம் குறையும்போது எய்லரனின் வலுவும் குறைகிறது, ஆகவே காற்றுப் பக்கம் இன்னும் கூட்டிக்கொண்டே போய் முழுவதும் திருப்பிப் பிடிக்க வேண்டும். விட்டால் காற்று அந்த இறக்கையைத் தூக்கும், மறுபக்க இறக்கை நுனி தரையில் உரசும்.

பனங்கூடல், கட்டடம் போன்றவற்றின் மறைவில் காற்று திடீரென்று குறைந்து, அடுத்த நொடி திரும்ப அடிக்கும். உயர்ந்த பனைகள் நிற்கும் பக்கமிருந்து காற்று வந்தால் கடைசி 50 அடியில் இதை எதிர்பாருங்கள். ஓடுபாதை நீளம் போதுமென்றால் குறுக்குக்காற்றில் ஃபிளாப்பைக் குறைத்து இறங்குவது நல்லது.

9. தொட்ட பிறகு: வண்டி நிற்கும்வரை பறந்துகொண்டிருக்கிறீர்கள்

யோக்கை உடனே விட்டுவிடாதீர்கள். முன்சக்கரம் தானாக மெல்ல இறங்கும்வரை இழுத்தே பிடியுங்கள். தள்ளினால் பாரம் முழுவதும் முன்சக்கரத்துக்குப் போய், பின்சக்கரங்கள் இலேசாகி விமானம் பக்கவாட்டில் சுழலப் பார்க்கும்.

நடுக்கோட்டை ரடரால் பிடியுங்கள். குதிகால் தரையில், பெருவிரல் பிரேக்கில் படாமல். பயத்தில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு தொடும் மாணவர் தெரியாமலே பிரேக்கை மிதித்தபடி இறங்குகிறார். டயர் உராய்ந்து தட்டையாகும், சில வேளை வெடிக்கும். மூன்று சக்கரமும் தரையில் நன்றாகப் பாரம் ஏறிய பிறகு, இரண்டு காலாலும் சமமாக, விட்டு விட்டு மிதியுங்கள்.

ஓடுபாதையிலிருந்து முதல் சந்தியிலேயே வெளியேற வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஃபிளாப் எடுப்பது, டவருக்குப் பதில் சொல்வது எல்லாம் ஓடுபாதையை விட்டு வெளியேறி நின்ற பிறகு.

தொட்டவுடன் திரும்ப ஏறும் பயிற்சியைத் தொடக்கத்தில் குறைத்து, முழுவதும் நிறுத்தும் லாண்டிங்கைக் கூட்டுங்கள் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். ஒரு மணிநேரத்தில் எண்ணிக்கை குறையும், செலவு கூடும். ஆனால் ஓட்டம் குறையும் அந்தக் கடைசி 200 மீட்டரைப் பழக வேறு இடம் இல்லை.

10. பலமாக இறங்கிவிட்டால்

ஓடுபாதையை விட்டு வெளியேற முடிந்தால் வெளியேறி நின்று எஞ்சினை நிறுத்துங்கள். "ஓடுகிறதுதானே" என்று அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். முன்சக்கரம் மோதிய செஸ்னாவில் சேதம் வெளியே தெரியாமல் ஃபயர்வோலில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவர்) இருக்கலாம். தகடு சுருங்கியிருக்கும், எஞ்சினைத் தாங்குவதே அந்த இடம்தான்.

சுற்றிப் பாருங்கள். புரொப்பெல்லர் நுனியில் கீறலோ வளைவோ உண்டா? உண்டென்றால் எஞ்சினையே திறந்து பார்க்க வேண்டி வரும், அதைத் தீர்மானிப்பவர் பொறியியலாளர். முன்சக்கரத் தண்டு சாய்ந்திருக்கிறதா, டயரில் தட்டையான இடம் உண்டா, எஞ்சின் மூடிக்கும் உடலுக்கும் இடையிலான தகட்டில் சுருக்கம் உண்டா, கதவு முன்பு போலப் பூட்டுகிறதா, வால்பகுதி அடியில் உரசல் உண்டா. தாரில் நீங்கள் தொட்ட இடத்தில் வெட்டுத் தடம் இருக்கிறதா என்றும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு பயிற்றுநருக்கும் பொறியியலாளருக்கும் அப்போதே சொல்லுங்கள், விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதுங்கள். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கு அறிவிக்க வேண்டிய நிகழ்வா என்பதைப் பள்ளி முடிவு செய்யட்டும், நீங்கள் மறைக்காமல் இருந்தால் போதும். ஏசுவார்கள் என்று பயந்து சொல்லாமல் போனால், அடுத்த மணிநேரத்தில் அதே விமானத்தில் ஏறும் பிள்ளைக்கு அது தெரிய வழியே இல்லை.

அன்று இரவே உங்கள் குறிப்புப் புத்தகத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: காற்று எந்தத் திசையில் எத்தனை நொட், 300 அடியில் வேகம் என்ன, முதலில் தொட்ட சக்கரம் எது, வலக்கை எங்கே இருந்தது. அடுத்த பறப்பைத் தனியே செய்யாமல், அந்தப் பக்கத்தைப் பயிற்றுநரிடம் காட்டி அவரோடு செய்யுங்கள்.